மின்வெட்டில் சம்ப் வழிந்தது: ரிட்டர்ன் குழாயில் என்.ஆர்.வி. போட்டால் போதுமா?

பவளத்தோட்டம் (கோவை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்று ஒன்றரை ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் உள்ள மரப்பெட்டிக்குள் 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் சம்ப், அதாவது நீரைச் சுத்திகரிக்கும் கீழ்த்தொட்டி, இருக்கிறது. மேல்தொட்டியின் மூலையில் சீப்புப் பல் வைத்த ஓவர்ஃப்ளோ பெட்டி. அதிலிருந்து இறங்கும் நீர் ஃபில்டர் சாக்ஸையும், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் கடந்து கடைசி அறைக்கு வர, அங்குள்ள ரிட்டர்ன் பம்ப் 25 மி.மீ. பி.வி.சி. குழாய் வழியாக அதைத் திரும்ப மேலே அனுப்புகிறது. அந்தக் குழாய் தொட்டியின் பின்விளிம்பைத் தாண்டி உள்ளே வளைந்து இறங்குகிறது; அதன் முனையிலுள்ள நாசில் எப்போதும் நீருக்குள் மூழ்கியே இருக்கும்.

சென்ற வாரம் ஓர் இரவு மின்வெட்டு நீண்டது. பம்ப் இன்வெர்ட்டரில்தான் இணைக்கப்பட்டிருக்கிறது என்றாலும், விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தபோது சம்ப் விளிம்புவரை நிறைந்திருந்தது. மரப்பெட்டியின் கதவுக்கு அடியிலிருந்து கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். துடைத்துப் பிழிந்ததை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கெட், அதாவது சுமார் 15 லிட்டர் வெளியேறியிருக்க வேண்டும். பெட்டியின் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நனைந்திருந்ததால், மின்சாரம் திரும்பிய நொடியில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆனது. மீன்களுக்கும் பவளங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. தொட்டியை அமைத்துக் கொடுத்த அன்று பம்பை நிறுத்திக் காட்டினார்கள். மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் இறங்கி, சம்பில் நிறைய இடம் மீதமிருக்கும்போதே நின்றுவிட்டது. அதன் பிறகு குழாயில் எதையும் மாற்றவில்லை. பிறகு ஏன் இப்போது மட்டும் வழிந்தது? கடையில் கேட்டால், ரிட்டர்ன் குழாயில் ஒரு என்.ஆர்.வி. (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டுவிட்டால் இனிக் கவலையில்லை என்கிறார்கள். இன்னொரு நண்பர் சம்பையே பெரிதாக மாற்றச் சொல்கிறார். நாங்கள் இரண்டாம் தளத்தில் இருக்கிறோம். இன்னொரு முறை இப்படி நடந்தால் கீழ்வீட்டுக் கூரையும் பாழாகும். எதைச் செய்வது சரி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நீர்மட்டம் (சென்னை) எழுதியது:

வணக்கம் நண்பரே. நடந்தது பின்னோக்கிய சைஃபன். பம்ப் ஓடும்போது மேலே ஏறுகிற அதே குழாய், பம்ப் நின்றதும் நீர் நிறைந்த வளைகுழாயாக, ஒரு முனை மேல்தொட்டியிலும் மறுமுனை அதைவிடத் தாழ்ந்த சம்பிலும் மூழ்கியபடி நிற்கிறது. நாம் பயன்படுத்தும் ரிட்டர்ன் பம்புகளில் நீரைத் தடுக்கும் கதவு எதுவும் கிடையாது. சுழலாமல் நிற்கும் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் விசிறியை) சுற்றிக்கொண்டு நீர் தாராளமாகக் கீழே இறங்கும். எங்காவது ஓரிடத்தில் குழாய்க்குள் காற்று நுழைகிறவரை அது நிற்காது. நாசில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழத்துக்கு மேல்தொட்டியின் நீர் முழுவதும் சம்புக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சோதனையில் தண்ணீர் சீக்கிரமே நின்றது என்றால், நாசிலுக்கு மேலே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, குழாயில் ஒரு சிறிய ஓட்டை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீர்மட்டம் இறங்கி அந்த ஓட்டை வெளியே தெரிந்ததும் காற்றை இழுத்துக்கொண்டு சைஃபன் அறுந்துவிடும். புதிய குழாயில் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒன்றரை ஆண்டு ஓடிய கடல்நீர்த் தொட்டியில் அந்த ஓட்டை இன்னும் திறந்திருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

உங்கள் இன்வெர்ட்டரும் இதில் ஒரு காரணம். சிறு சிறு மின்வெட்டுகளில் பம்ப் நிற்கவே இல்லை என்பதால், ஓட்டை எப்போது அடைபட்டது என்று தெரிய வாய்ப்பே இல்லாமல் போயிருக்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இந்தக் கோளாறு, ஓட்டை பாதி அடைபட்டு நீர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இறங்கும் கட்டத்திலேயே, பகல் வேளையில் கண்ணில் பட்டிருக்கும்.

ஊகமாகப் பேசுவதைவிட அளந்து பார்த்துவிடலாம். ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தானாகவே நன்னீர் ஊற்றும் ஆட்டோ டாப்-அப் கருவியின் மின்சாரத்தை எடுத்துவிட்டு, சம்பிலிருந்து 20 லிட்டரை ஒரு சுத்தமான ட்ரம்மில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு பம்பை நிறுத்துங்கள். மேல்தொட்டியில் நீர் எந்த இடத்தில் வந்து நிற்கிறது, ஓட்டை இருந்தால் அதன் நிலை என்ன, பம்ப் ஓடும்போது சம்பின் ஒவ்வோர் அறையிலும் நீர் எத்தனை செ.மீ. உயரம், இவற்றை எழுதுங்கள். உப்புத்தன்மையையும் ஒரு முறை அளந்து சொல்லுங்கள். அதற்கான காரணத்தைப் பிறகு விளக்குகிறேன்.

பவளத்தோட்டம் எழுதியது:

மிக்க நன்றி. சொன்னபடியே செய்தேன்.

ஓட்டை இருக்கிறது, அல்லது இருந்தது. குழாய் உள்ளே வளையும் எல்போவுக்குக் கீழே, உட்புறமாக, ஏறத்தாழ 3 மி.மீ. அகலத்தில் போட்டிருக்கிறார்கள். குழாயின் அந்தப் பகுதி முழுவதும் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படிந்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது. ஓட்டையின் மேலேயே ஒரு குழாய் நத்தை வெள்ளை நிறத்தில் சுருண்டு கூடு கட்டியிருக்கிறது. டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அங்கே ஓட்டை இருந்ததே தெரிந்தது.

பம்பை நிறுத்தியதும் நீர் நாசிலின் மேல் உதடு வரை இறங்கி, உறிஞ்சும் சத்தத்துடன் நின்றது. கண்ணாடியில் நீர்மட்டத்துக்காகக் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்து அந்த இடம் 8 செ.மீ. கீழே. இன்னொன்றையும் கவனித்தேன்: பம்ப் ஓடும்போது இப்போது நீர் அந்த ஸ்டிக்கருக்கு 1.5 செ.மீ. மேலே நிற்கிறது. ஓவர்ஃப்ளோ சீப்பின் பற்களுக்கிடையே பச்சைப் பாசி அடர்ந்திருக்கிறது.

சம்பில் முதல் இரண்டு அறைகளிலும் தடுப்புக் கண்ணாடியின் உயரமான 25 செ.மீ.க்கு நீர் நிற்கிறது. பம்ப் அறை 30 செ.மீ. நீளம், அதில் 20 செ.மீ. நீர். உப்புத்தன்மை வழக்கமாக 35 (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கும்; அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. நீரில் சரிபார்த்துவிட்டு அளந்தபோது 33-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது.

நீர்மட்டம் எழுதியது:

இவ்வளவு தெளிவாக அளந்து எழுதியதற்கு நன்றி. வழிந்த 15 லிட்டர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த எண்களே கணக்குச் சொல்கின்றன.

உங்கள் மேல்தொட்டி 120 செ.மீ.க்கு 60 செ.மீ. ஆகவே நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 7.2 லிட்டர் கீழே வருகிறது. ஸ்டிக்கரிலிருந்து நாசில் வரை 8 செ.மீ.; அதற்கு மேல் சீப்பு அடைபட்டதால் ஏறிய 1.5 செ.மீ.; ஆக 9.5 செ.மீ., அதாவது 68 லிட்டர். குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் தேங்கியிருப்பது இன்னும் ஓர் 6 லிட்டர் என்று கொண்டால், மொத்தம் 74. இப்போது சம்பில் உள்ள இடத்தைப் பாருங்கள். அதன் பரப்பில் 1 செ.மீ. என்பது 3.6 லிட்டர். 25 செ.மீ. மட்டத்திலிருந்து விளிம்புவரை 15 செ.மீ., அது 54 லிட்டர். பம்ப் அறையில் கூடுதலாக உள்ள 5 செ.மீ. பள்ளம் 6 லிட்டர், ஆக 60. எழுபத்து நாலிலிருந்து அறுபதைக் கழித்தால் உங்கள் பக்கெட் வந்துவிடுகிறது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, ஓட்டை மட்டும் அடைபட்டு சீப்பு சுத்தமாக இருந்திருந்தால் 64 லிட்டர்தான் இறங்கியிருக்கும், தரையில் சில லிட்டரே சிந்தியிருக்கும் என்பதை. சீப்பு அடைபடும்போது, அதே அளவு நீர் குறுகிய இடைவெளிகளில் புகுந்து செல்ல வேண்டியிருப்பதால் மேல்தொட்டியின் மட்டம் மெல்ல உயர்கிறது. அந்த நீர் பம்ப் அறையிலிருந்து போகிறது. அங்கே மட்டம் குறைந்ததைப் பார்த்த ஆட்டோ டாப்-அப், ஆவியாகிவிட்டது என்று எண்ணி நன்னீரை ஊற்றி ஈடுசெய்கிறது. பம்ப் அறையில் நீர் எப்போதும் போலவே தெரியும். ஆனால் தொட்டியும் சம்பும் சேர்ந்த மொத்த நீர் சுமார் 11 லிட்டர் கூடிவிட்டது. சம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. மேல்தொட்டிக் கண்ணாடியிலுள்ள அந்த ஸ்டிக்கரைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

உப்புத்தன்மை குறைந்ததற்கும் இதுவே காரணம். உங்கள் அமைப்பில் மொத்தம் 400 லிட்டர் அளவில் நீர் இருக்கும். முதலில் 11 லிட்டர் நன்னீர் சேர்ந்தது. பிறகு 15 லிட்டர் கடல்நீர் தரையில் போனது. மின்சாரம் வந்ததும் போன இடத்தை ஆட்டோ டாப்-அப் மீண்டும் நன்னீரால் நிரப்பியது. கணக்குப் போட்டால் 35 என்பது 32.8 ஆகிறது, நீங்கள் அளந்ததும் அதுதான். உப்பை நேரடியாகக் கொட்டி ஒரே நாளில் ஏற்றாதீர்கள். சீப்பைச் சுத்தம் செய்ததும் சம்பில் மிகும் 11 லிட்டரை வெளியே எடுத்துவிட்டு, ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீருக்குப் பதில் 35 அளவில் கரைத்த உப்புநீரை ஊற்றி வாருங்கள். நாளுக்கு 5 லிட்டர் ஆவியாகும் தொட்டியென்றால் ஐந்து நாட்களில் பழைய நிலை வந்துவிடும். பவளங்களுக்கும் அதிர்ச்சி இருக்காது.

இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். சம்பை மாற்றத் தேவையில்லை. நாசிலை மேலே தூக்குங்கள். நாசிலின் மேல் உதடு ஸ்டிக்கருக்கு 3 செ.மீ. கீழே இருக்கும்படி குழாயை வெட்டிக் குறைத்துவிட்டால், ஓட்டை முழுவதுமாக அடைபட்டாலும் இறங்குவது 28 லிட்டர்தான். சீப்பும் சேர்ந்து அடைபட்டால்கூட 40 லிட்டரைத் தாண்டாது. உங்கள் சம்ப் 60 லிட்டரைத் தாங்கும். அசையும் பாகம் எதுவும், திறந்தே இருக்க வேண்டிய துளை எதுவும் இல்லாமல், வெறும் உயரத்தாலேயே வீடு காப்பாற்றப்படுகிறது. என் பார்வையில் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்குப் பிறகுதான். தொட்டியின் அடிப்பகுதியில் நீரோட்டம் குறையுமே என்று யோசிக்க வேண்டாம். அந்த வேலைக்கு வேவ்மேக்கர் இருக்கிறது. நாசிலைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் நீர்ப்பரப்பு நன்றாக அலைந்து, காற்றுப் பரிமாற்றமும் கூடும்.

ஓட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 3 மி.மீ. போதாது. 25 மி.மீ. குழாய்க்கு 5 மி.மீ. அளவில் இரண்டு ஓட்டைகள், ஸ்டிக்கருக்கு 1 செ.மீ. கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில் போடலாம். துளை மிகச் சிறிதாக இருந்தால் நுழையும் காற்று சிறு குமிழ்களாக ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்பட்டு, சைஃபன் அறுபடாமலே தொடர்வதும் உண்டு.

குழாய்ப்பணி (மதுரை) எழுதியது:

கட்டடங்களில் குழாய் வேலை செய்பவன் நான். வீட்டில் நன்னீர்த் தொட்டியும் வைத்திருக்கிறேன். என்.ஆர்.வி. பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

போர்வெல் மோட்டாரில் நாங்கள் போடும் என்.ஆர்.வி. முழுவதுமாக அடைக்காவிட்டாலும் பெரிய நட்டமில்லை. மாடித் தொட்டியிலிருந்து கொஞ்சம் நீர் கீழே கசியும், அவ்வளவுதான். மீன்தொட்டியில் அந்தக் கசிவே வெள்ளம். வால்வின் தட்டுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே ஒரு மணல் துகள், ஒரு பாசி இழை, கொஞ்சம் சுண்ணாம்புப் படிவு மாட்டிக்கொண்டால் போதும். நிமிடத்துக்கு 100 மி.லி. என்ற மெல்லிய கசிவு, ஆறு மணி நேர மின்வெட்டில் 36 லிட்டர் ஆகிவிடும். சைஃபனுக்கு அவசரமில்லை, வழி இருக்கிறவரை அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆகையால் என்.ஆர்.வி.யை நம்பி நாசிலை ஆழத்தில் விடுவது கூடாது. நாசிலை உயர்த்திய பிறகு, கூடுதல் பாதுகாப்பாகப் போடுவதென்றால் போடலாம்.

போடுவதானால் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஹார்டுவேர் கடையில் எளிதில் கிடைக்கும் பித்தளை என்.ஆர்.வி. கடல்நீர்த் தொட்டிக்கு ஆகாது. பித்தளையில் உள்ள செம்பு உப்புநீரில் கரைந்து வரும். இறாலும் நத்தையும் பவளமும் அதைத் தாங்கா. உலோக ஸ்பிரிங் உள்ள பிளாஸ்டிக் வால்வும் துருப்பிடிக்கும். முழுக்கப் பிளாஸ்டிக்கும் ரப்பரும் மட்டுமே உள்ள, தட்டு ஊசலாடும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மூடி ஒளி ஊடுருவுவதாக இருந்தால் உள்ளே படிந்திருப்பதும் தெரியும். பம்புக்கு அருகில், தாழ்வான இடத்தில் பொருத்தினால் மேலே நிற்கும் நீரின் எடையே தட்டை நன்றாக அழுத்தி மூடும். இரு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) கட்டாயம் வேண்டும். சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்ட என்.ஆர்.வி.யைக் கழற்றிக் கழுவ முடியாது, கழுவாத என்.ஆர்.வி. சில மாதங்களில் பெயருக்குத்தான் இருக்கும். வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் சுண்ணாம்பு போய்விடும். இன்னொன்று, எந்த என்.ஆர்.வி.யும் பம்பின் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும். உங்கள் பம்ப் இப்போதே அதன் முழுத் திறனில் ஓடினால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைத்திருந்தது எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. வெள்ளம் வருவது மின்சாரம் இல்லாத நேரத்தில். மின்சாரம் திரும்புவது தரை நனைந்திருக்கும் நேரத்தில். உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்ததால் தப்பித்தீர்கள். பாக்ஸை மரப்பெட்டியின் பக்கச் சுவரில், சம்பின் விளிம்பைவிட உயரத்தில், திருகாணியால் பொருத்துங்கள். ஒவ்வொரு கருவியின் வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்கென்று 30 மில்லி ஆம்பியரில் தனி ஆர்.சி.சி.பி. வைக்க முடிந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் வேறு அறையின் கோளாறில் வீட்டு ஆர்.சி.சி.பி. விழுந்து, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பம்பும் நின்றுவிடும்.

அலையாத்தி (நாகர்கோவில்) எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதே தொட்டியில் எதிர்த் திசை வெள்ளமும் காத்திருக்கிறது. சீப்பில் பாசி அடர்ந்திருப்பதாக நீங்கள் எழுதியதால் அதைச் சொல்லாமல் விட மனமில்லை. சீப்போ இறங்கு குழாயோ முழுவதுமாக அடைபட்டால், பம்ப் தன் அறையில் உள்ள நீரை எல்லாம் மேலே தள்ளிவிடும். அந்த நீர் மேல்தொட்டியின் விளிம்புக்குள் அடங்க வேண்டும். உங்கள் பம்ப் அறையில், உறிஞ்சும் வாய் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருந்தால், மேலே போகக்கூடியது 18 லிட்டர். ஸ்டிக்கருக்கு மேல் கண்ணாடி 4 செ.மீ. உயர்ந்திருந்தால் 28 லிட்டர் அடங்கும். இதுவரை சரி. ஆனால் பம்ப் அறை காலியாகத் தொடங்கியதுமே ஆட்டோ டாப்-அப் தன் கேனில் உள்ளதையும் ஊற்றத் தொடங்குமே! 25 லிட்டர் கேன் வைத்திருந்தால் மொத்தம் 43. கூடம் மறுபடியும் நனையும். கேனில் ஒரு நேரத்தில் 8 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள், அல்லது குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் ஓடினால் தானே நின்றுவிடும் கருவியைப் பயன்படுத்துங்கள். பெரிய சம்ப் வாங்கச் சொன்ன நண்பரிடமும் இதைச் சொல்லுங்கள். சம்ப் பெரிதாகும்போது பம்ப் அறையும் பெரிதானால் இந்த ஆபத்து கூடத்தான் செய்யும்.

உங்கள் ஓவர்ஃப்ளோ பெட்டியில் இறங்கு குழாய் ஒன்றா, இரண்டா? ஒன்றுதான் என்றால், அடுத்த முறை வேலை செய்யும்போது ஹெர்பி முறையில் அவசரக் குழாய் ஒன்றைச் சேர்த்துவிடுவது நல்லது. முதல் குழாய் கேட் வால்வால் சீர்செய்யப்பட்டு முழு சைஃபனாக ஓட, இரண்டாவது சற்று உயரத்தில் வறண்டு நிற்கும். முதலாவது அடைபட்டால் மட்டும் நீரை ஏற்றுக்கொள்ளும். பீன் அனிமல் முறையில் மூன்று குழாய்கள் வரும். 4 அடித் தொட்டிக்கு ஹெர்பியே போதும் என்பது என் எண்ணம். ஹெர்பியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்சாரம் திரும்பியதும் இறங்கு குழாயில் உள்ள காற்று வெளியேறி சைஃபன் பிடிக்கும் வரை, மேல்தொட்டியில் நீர் வழக்கத்தைவிட உயரும், பம்ப் அறையில் குறையும். அந்தச் சிறு இடைவெளியில் ஆட்டோ டாப்-அப் ஓடி ஒரு லிட்டரோ இரண்டோ சேர்த்துவிடும். எங்கள் பகுதியைப் போல மின்சாரம் அடிக்கடி வந்து போகும் இடத்தில், இன்வெர்ட்டரும் இல்லையென்றால், இப்படிச் சேர்ந்து சேர்ந்தே சம்பின் மட்டம் ஏறிவிடும். டாப்-அப்பை மட்டும் பத்து நிமிடம் தாமதமாக உயிர்பெறச் செய்யும் டைமர் ஒன்றை இணைத்தால் தீர்ந்தது. ஸ்கிம்மருக்கும் அதே தாமதம் நல்லது. சம்பில் நீர் உயர்ந்திருக்கும்போதே அது ஓடத் தொடங்கினால் அழுக்குக் கோப்பை பொங்கி வழியும்.

டாப்-அப் குழாயின் முனையையும் பாருங்கள். கேன் சம்பைவிட உயரத்தில் இருந்து, அதன் குழாய் முனை சம்பு நீரில் மூழ்கியிருந்தால், சிறு மோட்டார் நின்ற பிறகும் கேன் காலியாகிறவரை சைஃபன் ஓடும். முனை எப்போதும் கேனின் நீர்மட்டத்தைவிட மேலே, காற்றில் தொங்க வேண்டும்.

பவளத்தோட்டம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழாய்ப்பணி ஐயா சொன்னபடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸை முதலில் மேலே ஏற்றிவிட்டேன். இறங்கு குழாய்கள் இரண்டு இருக்கின்றன; அவசரக் குழாய் வறண்டே நிற்கிறது. டாப்-அப் குழாயின் முனை நீருக்குள்தான் இருந்தது. கிளிப் போட்டு உயர்த்தியாயிற்று. கேன் 20 லிட்டர். அதில் 8 லிட்டருக்குக் கோடு போட்டிருக்கிறேன்.

சீப்பைக் கழற்றி, ஆர்.ஓ. நீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் நீர் ஸ்டிக்கரின் மட்டத்துக்கே வந்துவிட்டது. சம்பில் மிகுந்ததை எடுத்தேன். நாசிலை 3 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தி, 5 மி.மீ. ஓட்டைகள் இரண்டு போட்டேன். பிறகு அந்த ஓட்டைகளின் மேல் டெஃப்ளான் டேப்பை இறுகச் சுற்றி அடைத்துவிட்டு, வீட்டார் ஒருவர் சம்பின் அருகிலும் நான் மேல்தொட்டியின் அருகிலும் நின்று பம்பை நிறுத்தினோம். சம்பில் நீர் 31 செ.மீ. வரை ஏறி நின்றது. விளிம்புக்கு 9 செ.மீ. மீதம். டேப்பை அவிழ்த்துவிட்டு மீண்டும் சோதித்தபோது 27 செ.மீ.யிலேயே நின்றுவிட்டது.

என்.ஆர்.வி.யை இப்போதைக்கு வாங்கவில்லை. ஒரே ஒரு கேள்வி மீதம் இருக்கிறது: ஓட்டைகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? அவை வெளிச்சத்தில் இருப்பதால் பாசி மறுபடியும் வரத்தானே செய்யும்?

நீர்மட்டம் எழுதியது:

மிக நல்ல சோதனை. ஓட்டையை அடைத்துவிட்டுச் செய்வதுதான் உண்மையான சோதனை. திறந்த ஓட்டையோடு முதல் நாள் செய்து காட்டுவது பாதிதான்.

நீர் மாற்றும் நாளில் எப்படியும் பம்பை நிறுத்துவீர்கள். அப்போது இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைத்து, நீரை எடுக்கத் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் காத்திருந்து, சம்பில் நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 27-ல் நின்றால் ஓட்டைகள் திறந்திருக்கின்றன. அதற்கு மேல் ஏறினால் பல் குத்தும் குச்சியால் ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். 31-ஐத் தாண்டினால் சீப்பைப் பாருங்கள். இந்த இரண்டு மட்டங்களையும் சம்பின் வெளிப்பக்கக் கண்ணாடியில் அழியாத மார்க்கரால் கோடாகப் போட்டுவிட்டால், நீங்கள் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் உள்ளவர்களும் பார்த்துச் சொல்லலாம்.

பாசி வருவதைக் குறைக்க வேண்டுமென்றால், அடுத்த முறை குழாயை மாற்றும்போது அது ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளேயே மேலேறி வரும்படி செய்து, ஓட்டையை அந்தப் பெட்டிக்குள், நீர்மட்டத்துக்கு மேலே போடுங்கள். பெட்டிக்குள் இருட்டு என்பதால் பாசி அவ்வளவாக வளராது. ஓட்டையிலிருந்து பீய்ச்சும் நீரும் பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடும். ஓட்டை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், பெட்டிக்கு மூடியும் இருக்கட்டும். இல்லாவிட்டால் தெறிக்கும் நீர் காய்ந்து சுவரெல்லாம் உப்புப் பூக்கும்.